சுண்ணாம்புச் சுவரும் வெள்ளித்திரையும்

வீட்டுக் கூடத்தில் புரொஜெக்டர் மாட்டியவர்கள் அடுத்த வாரமே கேட்கும் கேள்வி இது: வெள்ளைச் சுவரிலேயே படம் பார்த்தால் போதாதா, தனியாகத் திரை வாங்கத்தான் வேண்டுமா? பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிப் பொருத்தம் உண்டு. டைனோசர் காலத்தில் இங்கே அலையடித்த கடல் தன் சிப்பிகளையும் சங்குகளையும் சுண்ணாம்புக் கல்லாக விட்டுப்போனது. அதை நம்பித்தான் அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றி, மட்டையால் அடித்தால் கிடைப்பது பழைய வீட்டின் வெள்ளைச் சுவர். பல ஆயிரம் ரூபாய்த் திரையின் வெள்ளையும் அந்தச் சுவரின் வெள்ளையும் பிறப்பது ஒரே விதத்தில்தான். ஆகவே வெள்ளைக்காக அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. வீட்டுத் திரையரங்கில் கிடைக்காமல் போவது கருப்பு. அந்தக் கருப்பை எந்தக் கடையிலும் திரையாகச் சுருட்டி விற்க முடியாது.

முதலில் இந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சுவரில் காய்ந்த சுண்ணாம்பு வேதியியல்படி கால்சியம் கார்பனேட். ஆனால் அதன் தூய படிகத்தைக் கையில் எடுத்தால், கண்ணாடியைப் போல ஊடே பார்க்கலாம். அதில் வெள்ளை என்று எதுவும் இல்லை. சுண்ணாம்பு அடிப்பவரைக் கவனித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஈரமாக இருக்கும்போது பழைய கறையெல்லாம் அப்படியே தெரியும். காயக் காயத்தான் சுவர் பளீரென்று வெளுக்கும். நனைந்த வேட்டி உடலைக் காட்டிக்கொடுப்பதும் இதன் மறுபக்கம்தான். காரணம் துகளுக்கும் அதைச் சூழ்ந்திருப்பதற்கும் உள்ள ஒளிவிலகல் வேறுபாடு. துகளின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.6, காற்றின் எண் 1, தண்ணீரின் எண் 1.33. காற்றிலிருந்து துகளுக்குள் நேராக நுழையும் ஒளியில் சுமார் 5 சதவீதம் திரும்பிவிடும். இடையில் தண்ணீர் இருந்தால் ஒரு சதவீதம்கூடத் திரும்பாது. ஐந்து சதவீதம் சிறிதுதான். ஆனால் ஒரு பூச்சுக்குள் அப்படி நூற்றுக்கணக்கான எல்லைகள் இருக்கின்றன.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சித் தேரோட்டக் கூட்டத்தில் ஒருவர் நேரே தேரைப் பார்த்து நுழைகிறார் என்று வையுங்கள். ஒரு தோள் இடப்பக்கம் தள்ளும், அடுத்தது வலப்பக்கம் தள்ளும், மூன்றாவது அவரைத் திருப்பியே விடும். பத்தாவது இடிக்குப் பிறகு, தான் எந்தத் திசையில் வந்தோம் என்பதே அவருக்கு மறந்துவிடும். பெரும்பாலும் நுழைந்த பக்கமாகவே, ஆனால் எந்தத் திசையிலும் வெளியே வந்து விழுவார். சுண்ணாம்புக்குள் ஒளிக்கு நடப்பது இதுதான். கூட்டத்தில் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றால் அவர் வழுக்கிக்கொண்டே மறுமுனைக்குப் போய்விடுவார்; அது ஈரச் சுண்ணாம்பு. கூட்டத்தில் எல்லோரும் பயில்வான்களாக இருந்தால் நாலு வரிசைக்குள்ளேயே வெளியே தள்ளப்படுவார். அது டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த பெயிண்ட். அதன் எண் 2.7. ஆட்களை விழுங்கும் கூட்டம் ஒன்று இருக்குமானால் அது கருப்புப் பூச்சு. திசை மறந்த ஒளி எல்லாப் பக்கமும் பரவுவதால்தான் பாயில் நடுவே அமர்ந்தவருக்கும் சுவரோரம் நாற்காலியில் அமர்ந்த பாட்டிக்கும் படம் ஒரே வெளிச்சத்தில் தெரிகிறது.

இது புரிந்தால் விளம்பரச் சொற்களில் பாதி தானே உதிர்ந்துவிடும். இப்படிச் சமமாகப் பரப்பும் வெள்ளைக்கு ‘கெயின்’ 1 என்று பெயர். கெயின் 2 என்று விற்கும் திரை ஒளியை உண்டாக்குவதில்லை. பாட்டிக்குப் போகவேண்டிய ஒளியைப் பிடுங்கி நடுவில் இருப்பவருக்குக் கொடுக்கிறது. ‘4கே திரை’ என்பதும் அப்படித்தான். 100 அங்குலப் படத்தில் ஒரு 4கே புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம். பூச்சுத் துகள்களோ அதைவிட நூறு மடங்குக்கு மேல் சிறியவை. மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால், தனியாக 4கே என்று ஒரு வெள்ளை தேவையில்லை.

இனி கருப்பு. புரொஜெக்டரால் கருப்பை வீச முடியாது. ஒளி வீசாமல் இருக்க மட்டுமே முடியும். ஆகவே அது அணைந்திருக்கும்போது திரை எந்த நிறத்தில் தெரிகிறதோ, அதைவிடக் கருப்பான கருப்பு படத்தில் வராது. ஜன்னலை அடைத்து விளக்கை அணைத்தாலும் சிக்கல் தீராது, ஏனென்றால் படத்தின் வெள்ளைப் பகுதியே அறைக்கு விளக்காகிவிடுகிறது. ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். அறை 10க்கு 12 அடி, உயரம் 10 அடி. சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து 680 சதுர அடி. 100 அங்குலத் திரை சுமார் 30 சதுர அடி. வெள்ளைச் சுவரும் வெளிர் டைல்ஸும் தம்மேல் படும் ஒளியில் 70 சதவீதத்தைத் திருப்புகின்றன என்றால், திரையிலிருந்து கிளம்பிய ஒளி அவற்றில் மோதி மோதி, ஒரு பங்கு திரைக்கே திரும்பும். பாதி வெள்ளை, பாதி கருப்பாக உள்ள ஒரு காட்சியில் வெள்ளை கருப்பைவிடச் சுமார் 20 மடங்கு மட்டுமே பிரகாசமாக இருக்கும். அதே அறை 15 சதவீதம் மட்டும் திருப்பும் அடர் நிறத்தில் இருந்தால் அது 200 மடங்குக்கு மேல் உயரும். புரொஜெக்டர் பெட்டியில் லட்சத்துக்கு ஒன்று என்று அச்சிட்டிருக்கிறதே, அந்த வேறுபாடு இதுபோன்ற காட்சியில் ஒருபோதும் கண்ணுக்கு வந்து சேராது.

சாம்பல் நிறத் திரை கருப்பைக் காப்பாற்றாதா என்று கேட்பார்கள். ஜன்னல் வெளிச்சத்தை அது எவ்வளவு குறைக்கிறதோ, படத்தின் ஒளியையும் அவ்வளவே குறைக்கும், விகிதம் மாறாது. சுவருக்குப் போய்த் திரும்பும் ஒளி மட்டும் சற்றுக் குறையும், அந்தச் சிறு பலன் உண்மை. அறை வெளிச்சத்தை விலக்கும் திரைகளின் கதை வேறு. சுவரை ஒட்டிக் கீழிருந்து வீசும் புரொஜெக்டர்களுக்கான திரையில் ரம்பப் பற்கள் போல நுண்ணிய வரிகள் உண்டு. மேல்முகம் கருப்பு, கீழ்முகம் ஒளியைத் திருப்பும். கூரை விளக்கின் ஒளி கருப்பில் விழுந்து மடியும். நேர்த்தியான யோசனைதான், அதன் விலைக்கு ஒரு நியாயமும் உண்டு. ஆனால் தரையில் வெள்ளை டைல்ஸ் இருந்தால் அங்கிருந்து எழும் ஒளியையும் அது வரவேற்கும். கூரையில் தொங்கும் புரொஜெக்டருக்கு இதே திரையை மாட்டினால் படத்தையே விழுங்கிவிடும்.

திரையைவிட இருட்டே முக்கியம் என்பதைத்தான் வரலாறும் சொல்கிறது. 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் காட்டினார். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இரண்டும் அப்போது திருச்சி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. பின்னால் வந்த டூரிங் கொட்டகைகள் பொழுது சாய்ந்த பிறகே படத்தைத் தொடங்கின. கூடாரத்தில் பகலை மறைக்க வழியில்லை. வெறும் வெள்ளைத் துணிக்கு இருட்டே துணை நின்றது. மங்கிய விளக்குக் காலத்தில் உலோகப் பூச்சுப் பூசிய திரையிலிருந்து வந்த சொல்தான் ‘வெள்ளித்திரை’. இன்றைய விளக்குகளுக்கு வீட்டில் அந்தப் பூச்சு தேவையில்லை.

வீட்டுச் சுவரில் கருப்பு அடிப்பதா என்று தயங்குவது நியாயம். கருப்பே வேண்டும் என்பதில்லை. பளபளப்பற்ற அடர் பச்சையோ அரக்குச் சிவப்போ போதும். அதுவும் வேண்டாமென்றால் இழுத்து மூடும் கனத்த திரைச்சீலையைப் படத்துக்கு இருபுறமும் மாட்டுங்கள். திரையை ஒட்டிய கூரையும் பக்கச் சுவர்களும்தான் அதிகக் கெடுதல் செய்பவை, அங்கிருந்து தொடங்குங்கள். படம் விழும் சுவருக்குப் பட்டி பார்த்து, மேடுபள்ளம் தேய்த்து, மேட் வெள்ளை அடித்தால் கெயின் 1க்கு மிக அருகில் வந்துவிடலாம். சுண்ணாம்பில் வழக்கமாகக் கலக்கும் நீலத்தை மட்டும் தவிருங்கள். அது மஞ்சளைத் தின்று நிறத்தைச் சாய்த்துவிடும். ஒட்டிக் கீழிருந்து வீசும் புரொஜெக்டர் என்றால் சுவர் ஆகாது. அதன் ஒளி சுவரை உரசிக்கொண்டு ஏறுவதால் ஒரு மில்லிமீட்டர் மேடும் நிழல் விழுத்தும். அதற்கு மட்டும் விறைப்பான சட்டமிட்ட திரை கட்டாயம். மற்றவர்கள் கடைக்குப் போகுமுன் இன்று இரவு எட்டு மணிக்குப் புரொஜெக்டரை அணைத்துவிட்டு, வழக்கமாகப் படம் பார்க்கும் வெளிச்சத்தில் அந்தச் சுவரை ஒரு நிமிடம் பாருங்கள். அது சாம்பலாகத் தெரிந்தால், திரைக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் திரைச்சீலையும் பெயிண்டும் வாங்குங்கள்.