ஐந்தாவது கிதாருக்கு ஒரு விண்ணப்பம்

தனிநபர் கடன் விண்ணப்பப் படிவத்தில் ‘கடன் பெறும் நோக்கம்’ என்று ஒரு கட்டம் உண்டு. திருமணச் செலவு, மருத்துவச் செலவு, வீட்டுப் பராமரிப்பு என்று பெரும்பாலோர் ஓரிரு சொற்களில் நிரப்பிவிடும் கட்டம் அது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் கொல்கத்தாவில் உள்ள கிளையொன்றில் பணியாற்றியபோது, மென்பொருள் துறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் அந்தக் கட்டத்தில் ‘கிதார்’ என்று எழுதிக் கொணர்ந்தார். கோரிய தொகை 60,000 ரூபாய். அவருடைய சம்பளக் கணக்கு நம் கிளையிலேயே இருந்தது. திருப்பிச் செலுத்தும் திறனில் ஐயம் ஏதும் இல்லை. ஆயினும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஒரு கேள்வி கேட்டோம்: “வீட்டில் இப்போது எத்தனை இருக்கின்றன?”

“நான்கு” என்றார். சற்றுத் தயங்கி, “அதில் ஒன்று தம்பியிடம் இருக்கிறது” என்றும் சேர்த்துக்கொண்டார்.

விண்ணப்பத்துக்குத் தேவையில்லாத கேள்விதான். அப்போது நம் வீட்டில் ஐந்து கிதார்கள் இருந்தன. அதனால்தான் அக்கேள்வி எழுந்தது.

ஒருவருக்கு எத்தனை கிதார் வேண்டும் என்பதற்குக் கிதார் வாசிப்போரிடையே ஒரு வேடிக்கையான விடை உண்டு: இப்போது இருப்பதைவிட ஒன்று கூடுதலாக. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ ஒன்றே போதும் என்று தோன்றும். நம் இல்லத்தாரின் கருத்தும் நெடுங்காலமாக அதுவே. இரண்டுமே சரியான விடைகள் அல்ல. கிதார் என்பது ஒரே பெயரில் வழங்கும் பல கருவிகள் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நைலான் தந்தி பூட்டிய கிளாசிகல் கிதாரும், எஃகுத் தந்தி பூட்டிய அக்கூஸ்டிக் கிதாரும் பார்வைக்கு உடன்பிறப்புகள் போல இருக்கும். ஆனால் எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து அக்கருவியின் மீது செலுத்தும் இழுவிசை ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு இணையானது. நைலான் தந்திகளுக்கு அதில் பாதியளவே உண்டு. கிளாசிகல் கிதாரின் மேற்பலகை அந்தக் குறைந்த இழுவிசையைத் தாங்கும் அளவுக்கே மெலிதாக இழைக்கப்படுகிறது. அதில் எஃகுத் தந்தியைப் பூட்டினால், தந்திகளைத் தாங்கும் குதிரை நாளடைவில் பலகையிலிருந்து பெயர்ந்து எழும்பிவிடும். ஆகவே இரண்டு வகை இசையையும் முறையாகப் பயில்பவருக்கு ஒரு கருவியால் இயலாது. எலெக்ட்ரிக் கிதார் மூன்றாவது வகை. அதன் ஒலி மரப்பெட்டிக்குள் பெருகுவதில்லை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலும் ஆம்பிளிஃபயரிலும் உருவாகிறது.

கொல்கத்தாவில் நாம் நான்காவதாக ஒரு வகையையும் கண்டோம். அந்நகரில் ஹவாயன் கிதாருக்கு ஒரு தனி மரபு உண்டு. மடியில் படுக்கவைத்து, தந்திகளின் மேல் உலோகத் தண்டை வழுக்கிச் செலுத்தி, ரவீந்திர சங்கீதத்தை வாசிக்கும் முறை அது. வழுக்கும் தண்டு மெட்டுகளில் இடிக்காதிருக்கத் தந்திகள் கழுத்திலிருந்து மிக உயரத்தில் பூட்டப்பட்டிருக்கும். அவ்வாறு அமைத்த கருவியை விரலால் அழுத்தி வாசிக்க முடியாது. லால்பஜார் அருகே ரவீந்திர சரணியில் வரிசையாக அமைந்துள்ள இசைக்கருவிக் கடைகளில் சனிக்கிழமை மாலைகளைக் கழித்தபோது, ஹவாயன் கிதாரைத் தேடி வரும் முதியவர்களை நாம் கண்டதுண்டு. ஒன்றை மட்டும் தேடி வருவார்கள், வாங்குவார்கள், போய்விடுவார்கள். நம்மைப் போல் சுவர் முழுவதையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

வகை வேறுபாட்டைத் தவிர, கூடுதலாக ஒரு கருவி வைத்துக்கொள்வதற்கு நியாயமான காரணம் இன்னும் ஒன்றே உண்டு: தொழில். அதே கிளையில் வாடிக்கையாளராக இருந்த ஓர் இசைக்கலைஞர், நடுவயதினர், பார்க் ஸ்ட்ரீட் பகுதி உணவகங்களிலும் திருமண வரவேற்புகளிலும் வாசித்துவந்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு எலெக்ட்ரிக் கிதார். ஒரு வரவேற்பில் பாட்டின் நடுவே தந்தி அறுந்தது. மாற்றிப் பூட்டிச் சுருதி சேர்ப்பதற்குள் அவரின்றியே இரண்டு பாடல்கள் முடிந்துவிட்டன. அன்றைய ஊதியத்தில் ஒரு பகுதி பிடித்துக்கொள்ளப்பட்டது. அடுத்த மாதம் அந்தக் குழுவிலிருந்து அழைப்பு வரவில்லை. அவர் 35,000 ரூபாய்க் கடன் கேட்டு வந்தபோது வாங்க விரும்பியது ஏறக்குறைய அதே போன்ற இன்னொரு கிதாரைத்தான். ஆசைக்காக வாங்குபவர் வேறு நிறம், வேறு வடிவம் தேடுவார். தொழிலுக்காக வாங்குபவருக்கு, கை பழகியதைப் போன்ற மற்றொன்றே தேவை. மாலை மயங்கும் நேரத்தில் மாற்றினாலும் விரல்கள் தடுமாறக் கூடாதல்லவா? அந்த விண்ணப்பத்துக்கு நாம் கூடுதல் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

மற்றவை ஆசை. ஆசையைக் குறையாகச் சொல்ல நாம் முன்வரவில்லை. அதற்கும் ஒரு தர்க்கம் இருக்கிறது. 1954-இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரும், 1952-இல் வெளிவந்த கிப்சன் லெஸ் பாலும் ஒலியில் மெய்யாகவே வேறுபட்டவை. முன்னதில் ஒற்றைச் சுருள் பிக்கப். பின்னதில் 1957 முதல் இரைச்சலை நீக்கும் இரட்டைச் சுருள் பிக்கப். தந்தியின் நீளமும் முன்னதில் 25.5 அங்குலம், பின்னதில் 24.75 அங்குலம். முக்கால் அங்குல வேறுபாடு விரலுக்கு நன்றாகவே தெரியும். இவ்விரண்டும் வேண்டும் என்பவரோடு நாம் வழக்காட மாட்டோம். நீல நிற ஸ்ட்ராட்டோகாஸ்டர் இருக்கையில் சிவப்பு நிறத்தில் இன்னொன்று வேண்டும் என்பவரோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

புகழ்பெற்றவர்களைப் பார்த்து விடை காண முயல்வதிலும் பயனில்லை. பிங்க் ஃபிளாய்டு குழுவின் டேவிட் கில்மர் 2019 ஜூனில் நியூயார்க்கின் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 120-க்கும் மேற்பட்ட தம் கிதார்களை விற்றார். மொத்தத் தொகை 2 கோடியே 10 லட்சம் டாலரைத் தாண்டியது. அவர் 1970-இல் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் மட்டும் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. தொகை முழுவதையும் சுற்றுச்சூழல் சட்டப் பணிக்கு வழங்கிவிட்டார். மறுபுறம், அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வில்லி நெல்சன் 1969-இல் வாங்கிய நைலான் தந்திக் கிதார் ஒன்றையே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாசித்துவந்திருக்கிறார். தொடர்ந்து உராய்ந்து உராய்ந்து அதன் மேற்பலகையில் ஓர் ஓட்டையே விழுந்துவிட்டது. நம் நாட்டில், ஜெய்ப்பூரைச் சேர்ந்த விஸ்வ மோகன் பட் மேலும் மேலும் கிதார் வாங்கவில்லை. கிதாரையே மாற்றியமைத்து, அடியில் ஒத்ததிர்வுத் தந்திகளையும் சேர்த்து, மோகன வீணையாக்கினார். 1994-இல் ரை கூடருடன் அவர் கிராமி விருது பெற்றது அக்கருவியில்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். வணிகவியல் படித்தவர்களுக்கு எப்பொருளிலும் தேய்மானம்தான் முதலில் கண்ணில் படும். 60,000 ரூபாய்க்கு வாங்கிய கிதாரை ஐந்தாண்டு கழித்துப் பாதி விலைக்கு விற்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் 30,000 ரூபாய். நாள்தோறும் ஒரு மணி நேரம் வாசித்திருந்தால் ஐந்தாண்டில் 1,825 மணி. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 16 ரூபாய். ஒரு கோப்பைத் தேநீரின் விலைதான். அதே கிதாரை ஆண்டுக்குப் பத்து மணி நேரம் மட்டும் எடுத்தால், ஒரு மணி நேரத்துக்கு 600 ரூபாய். விலைச்சீட்டில் இரண்டுக்கும் ஒரே தொகைதான் எழுதியிருக்கும்.

கடனில் வாங்கினால் கணக்கு சற்று நீளும். 60,000 ரூபாயை 12 விழுக்காடு வட்டியில் 24 மாதத் தவணையில் பெற்றால், மாதம் 2,824 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 7,800 ரூபாய். அதற்கு மாறாக மாதம் 2,500 ரூபாயை இரண்டாண்டுக்குத் தொடர் வைப்பில் இட்டால், 6.5 விழுக்காடு வட்டியில் முதலோடு 4,000 ரூபாய்க்குச் சற்று மேல் சேரும். இரண்டுக்கும் இடையே உள்ள 12,000 ரூபாயில் ஒரு நல்ல கடினப் பெட்டியும் சில ஆண்டுகளுக்குத் தேவையான தந்திகளும் வாங்கலாம். காத்திருக்கும் இரண்டாண்டில் ஆசை தணிந்துவிட்டால் 60,000 ரூபாயும் கையில் நிற்கும். கடன் அட்டையில் வாங்கி நிலுவை வைப்பது எல்லாவற்றிலும் கொடியது. மாதம் 3.5 விழுக்காடு என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆண்டுக்கு அது 42 விழுக்காடு. ‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரத்தைக் கண்டால், ரொக்கமாகத் தந்தால் எவ்வளவு தள்ளுபடி என்று கடைக்காரரிடம் முதலில் கேட்பது நல்லது. கடன் அட்டைகளில் இத்தகைய திட்டங்களின் வட்டி பெரும்பாலும் மறைக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சுட்டிக்காட்டியது.

இவ்வளவையும் அந்த இளைஞரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “உங்களிடம் எத்தனை இருக்கின்றன, ஐயா?” என்றார். உண்மையைச் சொன்னோம். இருவரும் சிரித்தோம். தகுதியுள்ள விண்ணப்பத்தை மறுக்க விதியில் இடமில்லை. ஐந்து வைத்திருப்பவருக்கு அறிவுரை சொல்லும் தகுதியும் இல்லை. கடன் வழங்கப்பட்டது.

நம் ஐந்தில் முதலாவது, கல்லூரி நாட்களில் வாங்கிய ஒட்டுப்பலகைக் கிதார். 3,000 ரூபாய்க்கும் குறைந்த விலை. இரண்டாவது நைலான் தந்தி. மூன்றாவது எலெக்ட்ரிக். நான்காவது, ஊதிய உடன்பாட்டின் நிலுவைத் தொகை கைக்கு வந்த ஆண்டில் வாங்கியது: ஒரே பலகையாக இழைத்த ஸ்ப்ரூஸ் மேற்பகுதி, பக்கங்களும் அடிப்பகுதியும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரம். விலை மற்ற நான்கையும் சேர்த்ததைவிட அதிகம். ஐந்தாவது இன்னொரு எலெக்ட்ரிக். தள்ளுபடியில் கிடைத்தது என்பதைத் தவிர அதை வாங்கியதற்கு இன்றுவரை நம்மால் காரணம் கூற இயலவில்லை.

பின்னர் ஜெய்ப்பூருக்குப் பணிமாற்றம் வந்தது. கிதாரின் மரத்துக்கு ஏற்றது 45 முதல் 55 விழுக்காடு வரையிலான ஈரப்பதம். கொல்கத்தாவின் மழைக்காலத்தில் மேற்பலகை ஊதி எழும்பும். தந்திகள் உயர்ந்து விரல் வலிக்கும். ராஜஸ்தானின் கோடையில் மரம் சுருங்கும். இது நாம் அறியாத செய்தியன்று. ஆனால் மார்ச் மாத ஆண்டு இறுதிக் கணக்கு முடிப்பு, அதைத் தொடர்ந்து தணிக்கை என்று இரண்டரை மாதம் ஓடிவிட்டது. மே மாத இறுதியில், குளிரூட்டிய அறையில் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த நான்காவது கிதாரின் பெட்டியைத் திறந்தபோது, குதிரைக்குக் கீழே மேற்பலகை ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. ஈரப்பதம் காக்கும் சிறு பை ஒன்றை வாங்கி உள்ளே வைத்திருந்தால் நேராதது. சுவரில் தொங்கிக்கொண்டிருந்த ஒட்டுப்பலகைக் கிதாருக்கோ ஒன்றும் ஆகவில்லை. ஒட்டுப்பலகை எளிதில் பிளக்காது என்பது ஒரு காரணம். அதை நாள்தோறும் எடுத்ததால் சிறு மாற்றமும் உடனே கைக்குத் தெரிந்துவிடும் என்பது மற்றொன்று. பிளந்ததைத் தில்லிக்கு அனுப்பிச் செப்பனிட 9,000 ரூபாய் ஆயிற்று.

அதன் பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தாளை ஒட்டி, எடுத்து வாசித்த நாட்களை மட்டும் கோடிட்டுக் குறித்துவந்தோம். வங்கிக்காரர் வழக்கம். ஆறு மாத முடிவில் ஒட்டுப்பலகைக் கிதாருக்கு 140 கோடுகள், நைலானுக்கு 31, முதல் எலெக்ட்ரிக்குக்கு 22, ஈட்டி மரக் கிதாருக்கு 6, ஐந்தாவதற்கு 1. அந்த ஒன்றும் தாளை ஒட்டிய அன்றைக்குப் போட்டது.

ஐந்தாவதை விற்பது எளிதாக இருந்தது. நான்காவதை விற்கத்தான் மனம் வரவில்லை. செப்பனிட்ட தழும்பை மறைக்காமல் காட்டி, வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாக, பள்ளியொன்றின் இசை ஆசிரியருக்குக் கொடுத்தோம். அவர் நம் முன்னாலேயே அரை மணி நேரம் வாசித்தார். நம்மிடம் இருந்த காலத்தில் அது அவ்வாறு ஒலித்ததில்லை. இன்று வீட்டில் மூன்று கிதார்கள். எலெக்ட்ரிக்கின் 22 கோடுகள் போதுமா என்று இல்லத்தார் கேட்கிறார்கள். அதற்கு நம்மிடம் இன்னும் விடை இல்லை.

கடந்த ஆண்டு அலுவல் நிமித்தமாகக் கொல்கத்தா சென்றபோது பழைய கிளைக்குப் போனோம். பார்க் ஸ்ட்ரீட் இசைக்கலைஞர் அங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கடனை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி முடித்திருந்தார். “இரண்டு கிதாரும் நலமா?” என்று கேட்டோம். பழையதை மருமகனுக்குக் கொடுத்துவிட்டாராம். பையன் தேவாலயத்தில் வாசிக்கத் தொடங்கிவிட்டானாம். “அப்படியானால் உங்களிடம் இப்போது ஒன்றுதானே?” என்றோம். ஆம் என்று தலையசைத்து, கையிலிருந்த தாளைக் காட்டினார். தனிநபர் கடன் விண்ணப்பம். நோக்கம் என்ற கட்டத்தில் ‘கிதார், இரண்டாவது’ என்று எழுதியிருந்தது.