தொலைவிலிருந்து லினக்ஸ் கணினியை ஆளுதல்

கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை பற்றித் தமிழர் நடுவே வழங்கும் கதைகள் பல. அவற்றுள் விக்கிரமாதித்தன் கதை பெரிதும் அறியப்பட்டது. மன்னன் தன்னுடலை விட்டு வேறோர் உடலிற் புகுந்த வேளையில், அவ்வித்தையைக் கற்ற மற்றொருவன் மன்னனுடைய உடலிற் புகுந்து அரண்மனையை அடைந்து விடுகின்றான். வித்தையிற் பழுதில்லை, விட்டுச்சென்ற உடலுக்குக் காவல் இல்லாமையே கேடாயிற்று. ஓரிடத்திலிருந்தபடியே வேறோரிடத்துக் கணினியின் திரையையும் விசைப்பலகையையும் ஆள உதவும் ‘றிமோட் டெஸ்க்டொப்’ முறையின் நிலையும் இதுவே. புகும் வழியை அமைப்பது எளிது. அவ்வழியாற் பிறர் புகாது காப்பதே கருத்தூன்றிச் செய்யவேண்டியது.

இம்முறையின் அருமை கொழும்பு மக்களுக்கு 2020ஆம் ஆண்டிலே நன்கு புலப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு 20ஆம் நாள் தொடங்கிய ஊரடங்கு, கொழும்பு மாவட்டத்தில் மே மாதத்தின் பிற்பகுதிவரை நீடித்தது. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரமே உளது. எனினும் அந்நாள்களில் அத்தூரம் கடத்தற்கரிய கடலாயிற்று. கொட்டாஞ்சேனையில் பூட்டிய பணிமனையொன்றில் கணக்கேடுகளும் கடிதங்களும் அடங்கிய லினக்ஸ் கணினி ஒன்று இருக்க, அதற்குரியவர் வெள்ளவத்தையில் மாடிவீட்டில் அடைபட்டிருந்தார் எனக் கொள்வோம். அவருக்கு வேண்டியது யாது?

லினக்ஸ் கணினிக்குத் தொலைவாட்சி புதிதன்று. அது கையாண்ட எக்ஸ் சாளர முறை, லினக்ஸ் பிறப்பதற்கு ஏழாண்டு முன்னரே, 1984இல், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவானது. ஒரு கணினியில் இயங்கும் நிரலின் சாளரத்தை வேறொரு கணினியின் திரையிற் காட்டும் ஆற்றல் அதற்குத் தொடக்கத்திலேயே இருந்தது. பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஒலிவெட்டி ஆய்வுகூடத்தார் வீ.என்.சி. எனும் முறையை ஆக்கி, 1998இல் யாவர்க்கும் இலவசமாக வழங்கினர். திரையை நீள்சதுரத் துண்டுகளாகப் பகுத்து, மாறிய துண்டுகளை மாத்திரம் அனுப்புதல் அதன் நுட்பம். கணக்கேட்டில் ஓர் எண்ணைத் திருத்தினால் சிறு துண்டொன்றே பயணஞ்செய்யும். அதனால் மெலிந்த இணைப்பும் ஓரளவு ஈடுகொடுக்கும். அசையும் படங்களைப் பார்க்க முயல்வோர் பொறுமையிழப்பர்.

வீ.என்.சி. முறைக்குப் பெருங்குறையொன்று உண்டு. அதன் பழைய கடவுச்சொல் ஏற்பாடு முதல் 8 எழுத்துகளையே கருத்திற் கொள்ளும்; திரையின் காட்சியோ மறையாக்கம் பெறாமல் வெளிப்படையாகவே செல்லும். 5900 முதலாக எண்ணிடப்படும் அதன் வாயில்களை இணையத்துக்கு நேரே திறந்து வைத்தல் அறிவுடைமையன்று. திறந்த வாயில்களைத் தேடி இரவு பகலாக இணையத்தைத் துழாவும் நிரல்கள் அளவிறந்தன.

இக்குறைக்கு மருந்து எஸ்.எஸ்.எச். எனும் மறைகாப்பு வழி. பின்லாந்து நாட்டுத் தாத்து இலோனன் என்பார், தம் பல்கலைக்கழக வலையமைப்பிற் கடவுச்சொற்கள் களவுபோனதைக் கண்டு, 1995இல் இதனை இயற்றினார். கொட்டாஞ்சேனைக் கணினியில் எஸ்.எஸ்.எச். சேவையை நிறுவுதல் வேண்டும். வெள்ளவத்தைக் கணினியில் இணைச் சாவிகளை உண்டாக்கி, பொதுச் சாவியைக் கொட்டாஞ்சேனையில் வைத்து, அந்தரங்கச் சாவியைத் தம்மிடமே காத்துக்கொள்ளல் வேண்டும். அதன்பின் கடவுச்சொல்லால் நுழையும் வழியை அடைத்துவிடலாம். ஆயின் சாவி வேலை செய்கின்றதா என்பதை இரண்டாவது இணைப்பொன்றாற் சோதித்தறியுமுன் முதல் இணைப்பை விடுதல் ஆகாது. சோதியாது அடைத்தவர், தம் வீட்டுக்குத் தாமே அந்நியராகிக் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏற நேரிடும்; ஊரடங்கில் அதுவும் இயலாது. இவ்வேற்பாடுகள் யாவும் கணினியின் முன் நேரிலிருந்து முற்கூட்டியே செய்யத்தக்கன.

இனி, வீ.என்.சி. சேவையைக் கணினி தனக்குள் மாத்திரமே செவிகொடுக்குமாறு அமைத்து, எஸ்.எஸ்.எச். வழியினூடே ஒரு சுரங்கம் அமைத்தல் வேண்டும். வெள்ளவத்தைக் கணினியின் 5901ஆம் வாயிலிற் புகுந்தது கொட்டாஞ்சேனையின் 5901ஆம் வாயிலில் வெளிப்படும். இடையிலுள்ளோர்க்கு மறையாக்கிய குறிகளன்றி வேறொன்றும் தோன்றாது. உபுண்டு 22.04 போன்ற பிற்காலப் பதிப்புகளில் ஆர்.டி.பி. முறையிலமைந்த திரைப்பகிர்வு உடன் வருகின்றது. அதன் வாயில் 3389. அதற்கும் இச்சுரங்கமே தக்க காவல்.

நடைமுறையிற் பலரை இடறச் செய்வது வேறொன்று. பல இணைப்புகளில், சிறப்பாகக் கைப்பேசி வலையமைப்புகளில், பலர் ஒரே பொது முகவரியின் பின் மறைந்திருப்பர். அவ்வாறாயின் வெளியிலிருந்து கணினியின் கதவைத் தட்ட இயலாது. கொட்டாஞ்சேனைக் கணினியே பொது முகவரியுடைய மூன்றாவது கணினியொன்றை நாடிச்சென்று, எதிர்த்திசைச் சுரங்கம் ஒன்றைத் திறந்து வைத்தல் அதற்குப் பரிகாரமாகும்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. மின்சாரம் மீண்டதும் கணினி தானே எழும்பி இயங்குமாறு அதன் அடிப்படை அமைப்பில் விதித்திராவிட்டால், மேற்கூறிய சாவியும் சுரங்கமும் பயனற்றனவாகும்.

தமிழில் எழுதுவோர்க்கு ஒரு குறிப்பு. தட்டச்சு முறையை இரு கணினிகளிலும் ஒருங்கே தமிழுக்கு மாற்றினால் எழுத்துகள் குழம்பும். வெள்ளவத்தையில் ஆங்கில விசைகளை வைத்து, கொட்டாஞ்சேனையில் மாத்திரம் தமிழை இயக்குதல் நலம். தனித் திரையொன்றைத் தோற்றுவியாது, அங்குள்ள திரையையே பகிர்ந்துகொள்வோர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். வெள்ளவத்தையில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் கொட்டாஞ்சேனைத் திரையிலும் அவ்வாறே தோன்றும். இணைப்பை விட்டு நீங்கிய பின்னரும் அத்திரை திறந்தே கிடக்கக்கூடும்; ஆகவே நீங்குமுன் அதனைப் பூட்டிவிடுதல் வேண்டும்.