எரிந்த ஏடுகளும் எரியாத உண்மையும்

நாட்டுக்காகப் போர்க்களம் கண்ட ஒருவர் முதுமையில் உதவி நாடும்போது, "நீர் பணியாற்றியதற்குச் சான்று எங்கே?" என்று கேட்கப்பட்டால் அவர் உள்ளம் என்ன பாடுபடும்! அமெரிக்காவில் பலர் இந்நிலைக்கு ஆளானதை நாம் அறிவோம்.

1973-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், செயின்ட் லூயிஸ் நகரையடுத்த படைவீரர் ஆவணக் காப்பகத்தில் தீ மூண்டது. 160 முதல் 180 இலட்சம் கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1959 வரை பணி முடித்த தரைப்படையினரின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது சாம்பலாயின. அவற்றுக்கு நகல்களும் இல்லை.

ஆயினும் வழி அடைபடவில்லை. ஊதியச் சீட்டு முதலிய பிற ஏடுகளைக் கொண்டு காப்பகத்தார் பணி விவரங்களைத் திரட்டித் தருகின்றனர். பதிவில் பிழையிருப்பின், விருது விடுபட்டிருப்பின், திருத்த வாரியத்திடம் முறையிடலாம். வீரர் மறைந்திருப்பின் துணைவியாரோ நெருங்கிய உறவினரோ முறையிடலாம். பிழையைக் கண்ட மூன்றாண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீதியின் பொருட்டு அவ்வரம்பைத் தளர்த்தவும் வாரியத்திற்கு அதிகாரம் உண்டு.

தீ மட்டுமன்று, மனிதரின் பாகுபாடும் வரலாற்றைச் சிதைக்கும். இரண்டாம் உலகப் போரில் காட்டிய வீரத்திற்காக அந்நாட்டின் உச்ச விருதைக் கறுப்பின வீரர் ஒருவரும் அக்காலத்தில் பெறவில்லை. 1993-இல் தொடங்கிய ஆய்வின் பயனாக, 1997 ஜனவரி 13 அன்று எழுவருக்கு அது வழங்கப்பட்டது. அன்று உயிரோடிருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே!

காலந்தாழ்ந்த நீதி கல்லறைக்கே போய்ச் சேருகிறது. ஆகவே, இல்லத்து முதியோர் வாழும்போதே அவர்தம் பணிச் சான்றுகளையும் கடிதங்களையும் தேடிப் பேணுவோம். பிழை கண்டால் அன்றே திருத்த முயல்வோம். உழைத்தவருக்கு உரியதைப் பெற்றுத்தருவது சலுகையன்று, நாம் பட்ட கடன்.