ஒரே கம்பியில் மூன்று பாதைகள்

சிக்கப்பேட்டையில் என் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர், கண்காணிப்புக் கேமரா, வாடிக்கையாளருக்கான வைஃபை மூன்றும் ஒரே வலையில் இருந்தன. வைஃபையில் சேர்ந்த யாரோ ஒருவரின் லேப்டாப்பிலிருந்து வந்த வைரஸ், இரண்டு நாள் வியாபாரத்தையே நிறுத்திவிட்டது. அப்புறந்தான் இந்தப் பாடத்தைப் படித்தேன்.

தனித்தனிக் கம்பி இழுக்க வேண்டாம். 1998இல் வெளிவந்த 802.1கியூ என்ற தரம், தரவுப் பொட்டலத்தில் 4 பைட் அடையாளச் சீட்டு ஒன்றைச் சேர்க்கிறது. அதில் வலை எண்ணுக்கு 12 பிட். 4096 எண்களில் 0, 4095 நீங்க, 4094 வலைகள் அமைக்கலாம்.

ஃபயர்வாலின் ஒரே போர்ட்டின்மேல் 10, 20, 30 என மூன்று விலேன் இடைமுகங்களை உண்டாக்கினேன். ஒவ்வொன்றுக்கும் தனி ஐ.பி. முகவரி, 10க்கு 192.168.10.1 என்பதுபோல. அந்தந்த வலைக்கு அதுவே வாசல். சுவிட்சில் ஃபயர்வாலுக்குப் போகும் போர்ட்டை டிரங்க் ஆக்கி, மூன்று எண்களையும் அனுமதிக்கணும். மற்ற போர்ட்டுகளுக்கு, அதில் மாட்டிய கருவிக்கு உரிய ஒரே எண்.

இத்தோடு வேலை முடிந்ததென்று நினைக்கக்கூடாது. வைஃபை இணையத்துக்குப் போகலாம், பில் கம்ப்யூட்டர் பக்கம் போகக்கூடாது என்று ஃபயர்வாலில் விதி எழுதணும். கடைசியில் வைஃபையிலிருந்து பில் கம்ப்யூட்டரை பிங் செய்து பாருங்கள். பதில் வராவிட்டால் மட்டும் போதாது. கோப்புகளும் திறக்கவில்லையா என்று சோதியுங்கள். கல்லாவைப் பூட்டியபின் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான்.