சுரங்கத்தைத் தாண்டினால் பச்சை ஏன் மறைகிறது?

மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில், தேவதாரு மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் கார், 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதைக்குள் நுழைகிறது. மறுபக்கம் லாகூலில் வெளியே வரும்போது, எதிரே மரம் அருகிய வறண்ட மலைகள்.

காரணம், சுரங்கத்துக்கு மேலே நிற்கும் பீர் பஞ்சால் மலைத்தொடர். தெற்கிலிருந்து வரும் பருவக்காற்று அதன்மேல் ஏறும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது. விரியும் காற்று குளிரும். நீராவி மேகமாகித் தென்சரிவிலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று அமுங்கி, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடாகிறது. எஞ்சிய மேகமும் கலைகிறது. இதுவே மழை மறைவு. அடுத்தடுத்த மலைத்தொடர்கள் மிச்ச ஈரத்தையும் பறித்துக்கொள்வதால், லேயில் ஆண்டு மழை சுமார் 10 சென்டிமீட்டர்தான். செடிப் போர்வை இல்லாததால் பாறையின் சொந்த நிறம், குறிப்பாக இரும்பு துருவேறிய சிவப்பு, பளிச்செனத் தெரிகிறது.

காற்று விரிவதைக் காருக்குள்ளேயே பார்க்கலாம். பின் இருக்கையில் கிடக்கும் சிப்ஸ் பாக்கெட் ஏற ஏற உப்பி, தலையணை போல விறைக்கும். இதே சாலையில் 5,328 மீட்டர் உயரமுள்ள தங்லங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். குழந்தைகளோடு செல்வோர் வழியில் இரவு தங்கி, உடலைப் பழக்கி, மெதுவாகவே ஏற வேண்டும்.