காற்றும் அதிர்வும்

நம் முன்னோர் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வகுப்பில் இந்நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்து விடுகிறோம். ஆனால் ஆனி, ஆடித் திங்கள்களில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு 100 சி.சி. மோட்டார் சைக்கிளில் செல்வோர்க்குக் கோடை என்பது வெறுஞ்சொல் அன்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, சாலையில் செல்லும் நம்மையும் தள்ளுகிறது. ஊர் சேரும்போது விரல்கள் மரத்து, செவிகள் இரைந்து, தோள்கள் இறுகிப் போகின்றன. மாணவர் பலர் நாள்தோறும் நெடுந்தொலைவு இவ்வாறே வண்டியோட்டி வருகின்றனர். ஆகவே இத்துன்பத்தின் காரணத்தையும் அதனைத் தணிக்கும் வழியையும் ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

காற்றின் விசை

காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்பவர்க்கு எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், அவர்மீது மோதுவது 80 கி.மீ. காற்றாகும். தடை ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. சிறிய எஞ்சின் திணறுவது இதனால்தான். அந்நிலையில் ஆக்சிலேட்டரை முழுதும் முறுக்குவதால் பயனில்லை. கியரைக் குறைத்து, வேகத்தையும் குறைத்தலே தக்கது.

பக்கக் காற்று இதனினும் கொடியது. காவல்கிணற்றைக் கடந்து வடக்கே செல்பவர்க்கு மேல்காற்று இடப்புறமிருந்து வந்து, அவரைச் சாலையின் நடுப்பகுதிக்குத் தள்ளுகிறது. அதனை எதிர்த்து வண்டி சற்றே இடப்புறம் சாய்ந்து ஓடும். அவ்வேளையில் ஒரு லாரியை முந்தினால், லாரி காற்றை மறைக்கிறது. சாய்ந்த வண்டி லாரியை நோக்கி ஈர்க்கப்பட்டது போல் செல்கிறது. லாரியைத் தாண்டியதும் மறைந்திருந்த காற்று மீண்டும் அறைகிறது. இவ்விரு கணங்களையும் எதிர்பாராதவர்க்கே விபத்து நேர்கிறது. காற்று மிக்க இடத்தில் முந்தாதிருத்தல் நன்று. முந்த நேரின் பக்கவாட்டில் போதிய இடைவெளி வேண்டும்.

அதிர்வின் தோற்றம்

சிறு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் ஒரே சிலிண்டர்தான் உண்டு. எஞ்சின் நிமிடத்திற்கு 6000 முறை சுழலும்போது, பிஸ்டன் ஒரு நொடிக்கு 100 முறை மேலேறிக் கீழிறங்குகிறது. சுமார் 5 செ.மீ. தொலைவுக்குள் அது ஓடி, நின்று, திரும்பி ஓட வேண்டும். இதனைச் சமன்செய்யக் கிராங்குத் தண்டில் எதிர்எடை வைக்கின்றனர். ஆனால் எதிர்எடை சுழல்வது. பிஸ்டனோ மேலும் கீழும் மட்டும் ஓடுவது. முழுமையும் ஈடுசெய்தால் அவ்விசை வேறு திசையில் தலைகாட்டும். எனவே ஒரு பகுதியையே சமன்செய்து, எஞ்சியதை விட்டுவிடுகின்றனர். அந்த எச்சமே நம் உள்ளங்கையையும் பாதத்தையும் வந்தடைகிறது.

இதனைச் சிறிதென எண்ணலாகாது. நெடுங்காலம் அதிர்வைத் தாங்கும் கைகளில் இரத்த ஓட்டம் குன்றி விரல்கள் வெளுக்கும் நோய் உண்டு. ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுசென்ற அஞ்சல் ஊழியரிடம் இந்நோய் காணப்பட்டது.

பிடியைத் தளர்த்துக

தொடக்கத்தில் நாமும் காற்றடிக்குந்தோறும் கைப்பிடியை இறுகப் பற்றினோம். அச்சம் கற்பித்த பாடம் அது. ஆனால் தவறான பாடம். காற்று முதலில் அசைப்பது நம் உடலை. விறைத்த கைகள் அவ்வசைவை அப்படியே கைப்பிடிக்குக் கடத்தி, வண்டியைத் தடுமாறச் செய்கின்றன. இறுகப் பற்றுந்தோறும் அதிர்வும் கைக்குள் மிகுதியாக ஏறுகிறது. ஆக, இரு துன்பங்களுக்கும் மருந்து ஒன்றே: முழங்கால்களால் பெட்ரோல் டேங்கை அணைத்து, இடுப்பிலிருந்து சற்றே முன்சாய்ந்து, முழங்கைகளை மடக்கி, கைப்பிடியை மென்மையாகப் பற்றுதல்.

பிற காவல்களும் உள. எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் அதிர்வு பெருகும். அவற்றையும் செயினின் தொய்வையும் டயரின் காற்றையும் அடிக்கடி பார்க்க வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் அதிர்வு மிகும் ஒரு வேகம் உண்டு. அதனை அறிந்து, அதற்குச் சற்றுக் கீழே ஓட்டுதல் நலம். தலைக்கவசத்தின் வாரைப் பூட்ட வேண்டும். காற்றில் படபடக்கும் ஆடையும் துப்பட்டாவும் ஆகா. மணிக்கொரு முறை இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் விரல்களுக்கு உணர்வு திரும்பும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். போல்ட்டை முடுக்குவதும் வேகத்தைக் குறைப்பதும் நாம் கட்ட வேண்டிய கயிறுகள். கட்டியபின் அஞ்சி இறுக வேண்டுவதில்லை. வகுப்பிற்குப் பத்து நிமிடம் தாழ்த்து வரும் மாணவரை நாம் கடிந்துகொள்வதில்லை. அவர் வந்து சேர்வதே நமக்குப் பெரிது.