தரங்கம்பாடியில் நிழற்படம் எடுத்தல்: கொள்ளுவனவும் தள்ளுவனவும்

எத்தொழிலுக்கும் கருவி வேண்டும் என்பதை யாவரும் அறிவர். ஆயின் கருவி மிகுதலே தொழிற்சிறப்பு என்று கருதி மயங்குவாரும் பலர் உளர். நிழற்படம் எடுக்கும் தொழிலில் இம்மயக்கம் பெரிதும் உண்டு. விடுதி அறையில் அமர்ந்து பட்டியல் எழுதும்பொழுது வேண்டாத பொருள் ஒன்றும் தோன்றாது. வெயிலில் ஒரு கல் தொலைவு நடந்தபின் வேண்டிய பொருள் ஒன்றும் தோன்றாது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று, புறவெளியிற் படமெடுக்கச் செல்லும் மாணவர் எவற்றைக் கொள்ளுதல் வேண்டும், எவற்றைத் தள்ளுதல் வேண்டும் என்பதைத் தரங்கம்பாடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

காவிரி நாட்டு நெல்வயல்கள் முடிந்து கடல் தொடங்கும் இடத்தே இவ்வூர் அமைந்துளது. 1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனியர் இவ்விடத்தைப் பெற்று டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். 1706-இல் சீகன்பால்கு ஐயர் இக்கரையில் வந்திறங்கினார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் இவ்வூரிலேயே அச்சேறி முடிந்தது. 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. 1845-இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலக் கும்பினியார்க்கு விற்று நீங்கினர். இவற்றிற்கெல்லாம் முன்னரே, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாண்டியர் காலத்தில் தோன்றிய மாசிலாமணிநாதர் கோயில் கரையோரத்தே நிற்கின்றது. அதன் கடற்புறப் பகுதிகளை அலைகள் கொண்டு போயின. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்வூரில் விளைத்த துயரத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. சுருங்கக் கூறின், கடலும் உப்புக்காற்றும் ஓயாது அழித்துக்கொண்டிருக்கும் ஊர் இஃது. இத்தகைய ஊரில் நிழற்படம் பொழுதுபோக்கு மட்டும் அன்று, சான்றும் ஆகும்.

நிற்க. இத்தொழிலின் சுமை முற்காலத்தில் எத்துணைப் பெரிதாய் இருந்தது என்பதையும் நாம் அறிதல் வேண்டும். 1856-இல் சென்னை அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவரைத் தன் நிழற்படக்காரராக அமர்த்திற்று. அவர் 1857-ஆம் ஆண்டின் இறுதியிற் புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படமெடுத்தார். அக்காலத்தே படத்தைப் பெரிதாக்கும் வழி நடைமுறைக்கு வரவில்லை. ஆதலின் எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகடிவும், அதனைத் தாங்கும் பெருங் காமிராவும் வேண்டியிருந்தன. டிரைப் துரையின் மெழுகு பூசிய தாள் நெகடிவுகள் ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையன. அவற்றையும் மருந்துகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிச் சென்றார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியைச் சூழ்ந்த கல்வெட்டுக்களை அவர் 1858-இல் வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். தமிழ் பயில்வார் அவரை நன்றியோடு நினைத்தல் தகும்.

பின்னர் 1888-இல் ஈஸ்ட்மன் என்னும் அமெரிக்கர் நூறு படங்கள் எடுக்கத்தக்க சுருளை உள்ளடக்கிய கோடக் பெட்டியை வெளியிட்டார். 1925-இல் லைக்கா என்னும் சிறு காமிரா ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. அதனை ஆக்கிய ஆஸ்கர் பார்னாக் என்பார் மூச்சிரைப்பு நோயுடையவர். மலையேறும்பொழுது பெருங்கருவியைச் சுமக்க இயலாமையே அவரைச் சிறு கருவி தேடச் செய்தது என்பர். இன்றோ சட்டைப்பைக்குள் அடங்கும் கைப்பேசியே படமெடுக்கின்றது. அறிவியல் குறைத்துக் கொடுத்த சுமையை நம் ஆசை மீண்டும் கூட்டுகின்றது. மயிலிறகேயாயினும் அளவு கடந்தால் அச்சு முறியும் என்பதை மறக்கின்றோம்.

இதனை யாம் பிறர்க்கு அறிவுரையாகக் கூறவில்லை, பட்டறிந்தே கூறுகின்றோம். சென்ற ஆண்டு ஆடித் திங்களில் யாம் மாணவர் ஐவர் தரங்கம்பாடிக்குச் சென்றோம். இரவல் வாங்கிய காமிரா இரண்டு, லென்ஸ் நான்கு, பிளாஷ் விளக்கு இரண்டு, இரும்பனைய முக்காலி ஒன்று ஆகப் பதினொரு கிலோ சுமை எம்மிடம் இருந்தது. நகர வாயிலைக் கடந்து இராஜ வீதியில் நடப்பதற்குள்ளாகவே முக்காலி பெரும் பகையாயிற்று. அதனைத் தேநீர்க் கடை ஒன்றில் வைத்துவிட்டோம். கடற்கரையில் எம்முள் ஒருவர் காற்றுக்கு எதிரே நின்று லென்ஸை மாற்றினார். மணல் உள்ளே புகுந்தது. எஞ்சிய காமிராவின் பாட்டரியோ மாலைக்கு முன்னரே தீர்ந்தது. நான்கு லென்ஸ் கொணர்ந்த யாம் மாற்றுப் பாட்டரி ஒன்று கொணர்ந்தோமில்லை.

அம்மாலையில் ஊர்ப்புறத்தே பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றைக் கண்டோம். அங்கே சுதை பூசிய கல்லறை ஒன்றின் முகப்பில் சில வரித் தமிழ் எழுத்துக்கள் இருந்தன. சாய்ந்த வெயிலில் அவை சிறிதே புலப்பட்டன. சிதைந்த எழுத்தாதலின் விரைந்து படித்தற்கு இயலவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பின்னர்ப் படிப்போம் என்று எண்ணிக் கைப்பேசியால் எடுத்தோம். ஒளி குறைவு, முக்காலி இல்லை, கடைசிப் பேருந்தை நினைந்த கை நடுங்கிற்று. அறைக்குத் திரும்பிப் பார்த்தபொழுது ஆண்டு மட்டும் தெரிந்தது, பெயர் மங்கியிருந்தது. மழைக்காலம் கழிந்து தைத் திங்களில் மீண்டும் சென்றோம். சுதை பெயர்ந்து வீழ்ந்திருந்தது. ஒருவருடைய பெயரை இவ்வுலகில் எஞ்சவைக்கும் வாய்ப்பு எம் கையில் ஒரு மாலைப்பொழுது இருந்தது; பதினொரு கிலோ சுமந்தும் அதனை இழந்தோம்.

இனி, இரண்டாம் முறை யாம் கொண்டு சென்றவற்றைக் கூறுவோம். காமிரா ஒன்றே. அதற்கு லென்ஸும் ஒன்றே. சிறிய சென்ஸார் உடைய காமிராவிற்கு 35 மில்லிமீட்டர் லென்ஸ், 36-க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள முழுச் சென்ஸாரில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் பரப்பையே காட்டும். வீதி, வாயில், மனிதர், கல்வெட்டு ஆகிய பலவற்றிற்கும் அது போதுமானது. கட்டடம் முழுவதும் அடங்காவிடின் பின்னே சில அடி நடந்தால் அடங்கும். நம் காலே நம் ஜூம் லென்ஸ். நடக்க இடமின்றேல் இரண்டு படமாக எடுத்து இணைக்கலாம். டிரைப் துரை 21 படங்களை இணைத்தார் அன்றோ?

மாற்றுப் பாட்டரி இரண்டும் மாற்று மெமரி கார்டு ஒன்றும் இன்றியமையாதன. இவற்றின் எடை சிறிது. இவை இல்லாக்கால் ஏனையவெல்லாம் வீண். முக்காலி ஒரு கிலோவிற்கு மிகாததாய் இருத்தல் நன்று. காற்றில் அது அசையுமாயின் நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டால் உறுதிப்படும். ஈர மணலில் ஊன்றும்பொழுது கால்களை நன்கு அழுத்துக. இன்றேல் ஒவ்வோர் அலைக்கும் சிறிது சிறிதாக அமிழும். திரும்பியபின் நன்னீரிற் கழுவித் துடைத்தல் வேண்டும்.

பை முதுகில் மாட்டத்தக்கதாய், எடையை இரு தோள்களிலும் பகிர்வதாய் இருத்தல் வேண்டும். கனத்தவை முதுகை ஒட்டியும், அடிக்கடி வேண்டுவன மேற்புறத்தும் இருக்கவேண்டும். காமிராவோ பைக்குள் இருத்தல் ஆகாது. குறுக்குவாரில் தொங்கிக் கைக்கு எட்டவேண்டும். பையைத் திறப்பதற்குள் வலையை உதறிய கை ஓய்ந்துவிடும். தண்ணீர்ப் புட்டி, தலைக்குத் துணி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, குறிப்பேடு, பென்சில் ஆகியவையும் வேண்டும். அனைத்தும் கூடி மூன்று கிலோவைக் கடக்கவில்லை.

கடற்கரைக்கே உரிய இடர்கள் சில உள. அலைத்துளியால் லென்ஸின்மேல் உப்புப் படியும். அதனை உலர்ந்த துணியால் உடனே தேய்த்தால் உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறும். முதலில் காற்றூதும் குமிழால் ஊதி, பின்னர்ச் சிறிது ஈரமாக்கிய மென்துணியால் ஒற்றியெடுத்தல் முறை. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொணர்ந்தால் கண்ணாடியில் நீர் பூக்கும். அரைமணி நேரம் பையை மூடியபடியே வைத்திருந்தால் வெம்மை சமன்படும். மழைக்காலத்து ஈரத்தால் லென்ஸினுள் பூசணம் படரும். அதற்கு அஞ்சி அரிசிப் பானையில் காமிராவைப் புதைப்பார் உளர்; நெல் விளையும் நாட்டில் எளிய வழியே; ஆயினும் அரிசித்தூள் உள்ளே புகும். இறுக மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வைத்தலே தக்கது.

ஒளி விலையின்றிக் கிடைக்கும் கருவி. தரங்கம்பாடி கிழக்கு நோக்கிய கரை. காலையில் ஞாயிறு கடலினின்று எழுந்து கோட்டையின் கடற்புறத்தை விளக்கும். மாலையில் 1792-இல் கட்டிய நகர வாயிலின் மேற்கு முகத்தை விளக்கும். இவ்வூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருத்தலால், ஏப்ரல் பிற்பாதியிலும் ஆகஸ்டு பிற்பாதியிலும் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். அப்பொழுது எடுத்தால் முகங்களில் கண்குழி இருளும். அந்நேரத்தை உணவிற்கும் ஓய்விற்கும் ஒதுக்குக. கல்லெழுத்துக்களுக்கோ பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளியே ஏற்றது. எழுத்தின் பள்ளம் நிழலால் நிரம்பிப் புலப்படும். வெயில் இல்லையேல் சிறு டார்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாலும் அப்பயன் கிட்டும். காமிராவின் முகம் கல்லின் முகத்திற்கு ஒப்ப நேராக நிற்றலும், அருகே அளவுகோல் ஒன்று வைத்தலும் வேண்டும்.

நீண்ட லென்ஸைத் தள்ளியதால் வேறொரு நன்மையும் எய்தினோம். முன்முறை தொலைவில் நின்று மீனவரை அவர் அறியாமலே எடுத்தோம். இம்முறை அருகே சென்றாலன்றிப் படம் இல்லை. அருகே சென்றால் கேட்டே ஆகவேண்டும். வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கேட்டபொழுது, "எடுங்க தம்பி, ஆனா எங்களுக்கும் ஒரு படம் குடுக்கணும்" என்றார். முன்முறை எடுத்த முகங்கள் யாவும் களவாடியவை என்பது அப்பொழுதே எமக்கு உறைத்தது. அவருடைய படத்தைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆகவே எம் பட்டியலில் இறுதியாக ஒரு பொருளைச் சேர்க்கின்றோம்: எடுத்தவர்க்குத் திருப்பிக் கொடுப்பதாகிய கடன். அதற்கு எடை உண்டு. ஆயினும் அது தள்ளத்தக்கதன்று.

மாணவ நண்பர்காள், உங்கள் ஊரிலும் ஒரு கல்லறையோ, இடிந்த மண்டபமோ, பெயர் பொறித்த திண்ணைத் தூணோ இருக்கும். விலையுயர்ந்த கருவி வருமளவும் காத்திராதீர்கள். உள்ள கருவியை, நிறைந்த பாட்டரியோடும் ஒரு பென்சிலோடும் எடுத்துக்கொண்டு, வரும் ஐப்பசி மழைக்கு முன்னே செல்லுங்கள்.